அந்தச் சின்ன நோட்டு

கவுன்சலிங் அறையில் உட்கார்ந்து பல வருடமாகப் பிறர் வீட்டுக் கதை கேட்கிறேன். பிள்ளையின் காதல் பிடிக்காமல் வரும் பெற்றோர் யாரும் "அவங்ககிட்ட வசதி இல்லை" என்று ஆரம்பித்ததில்லை. "பையன் நல்லவன்தான், ஆனா நமக்கு ஒத்து வராது" என்பார்கள். எது ஒத்து வராது என்று கேட்டால் பேச்சு, பழக்கம், வளர்ப்பு என்று சுற்றி வளைப்பார்கள். பணம் என்ற சொல் வெளியே வர இரண்டு மூன்று சந்திப்பு ஆகும். வசதி குறைந்த வீட்டிலும் எதிர்ப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது தெரியாது. "அந்த வீட்ல போய் நீ கை கட்டி நிக்கணுமா?" என்று ஒரு அம்மா மகனிடம் கேட்டதைக் கேட்ட பிறகுதான் புரிந்தது.

படித்த காலத்தில் ஒரு ஆய்வு மனதில் ஒட்டிக்கொண்டது. 1972-இல் டிரிஸ்கால், டேவிஸ், லிப்பெட்ஸ் மூவரும் 140 ஜோடிகளிடம் பேசிவிட்டு, பெற்றோர் குறுக்கிடக் குறுக்கிடக் காதலும் கூடுகிறது என்றார்கள். நானும் அதை வைத்து எத்தனையோ அப்பாக்களைப் பயமுறுத்தியிருக்கிறேன்: "தடுத்தீங்கன்னா இன்னும் இறுகும் சார்." 2014-இல் சின்க்ளேர் குழுவினர் 396 பேரிடம் அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். அப்படி எதுவும் தென்படவில்லை. சுற்றியிருப்பவர்கள் ஆதரித்த உறவுகள்தான் நன்றாக இருந்தன. சரி, அந்த வசனத்தை விட்டுவிட்டேன்.

எதிர்ப்பு வேறொரு வேலையும் செய்கிறது. சண்டை போட வெளியே ஆள் இருக்கும்வரை, தங்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

ஒரு ஜோடி வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). பெண் வீடு வசதியானது. பையன் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவான். மூன்றாம் முறை வந்தபோது ஃபீஸை அவள் கட்டப்போனாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, தேதி போட்டு எழுதிக்கொண்டான். அவள் எட்டிப் பார்த்தாள். அவனுக்காக அவள் செலவு செய்தது அத்தனையும் வரிவரியாக அதில் இருந்தது. நுணுக்கி நுணுக்கி எழுதிய கையெழுத்து. ஓரிரு இடங்களில் அடித்துத் திருத்தி.

"எனக்கே கணக்கு எழுதுறியா?"

"திருப்பிக் கொடுக்கத்தான். அப்புறம் உங்க அப்பா முன்னாடி நிமிர்ந்து நிக்கணும்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். இப்படிப்பட்ட நேரத்தில் ஏதாவது சொல்லிவைப்பது எனக்குப் பழைய கெட்ட வழக்கம், அன்று அடக்கிக்கொண்டேன்.

நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தாள். "மழைல டாக்சி பிடிச்சோமே, அதுவுமா?"

அவன் தலையாட்டினான். "பாதி."

வெளியே அவள் அப்பா காத்திருந்தார். அவரை உள்ளே கூப்பிட வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.