எங்க மனை மோசம்னு நானே நிரூபிச்ச கதை

2016-ல் முடிச்சூரில் அரை கிரவுண்ட் வாங்கினேன். 1,200 சதுர அடி, அடி 1,800 ரூபாய். அந்தத் தெருவுக்கு அரசு வழிகாட்டி மதிப்போ (பத்திரப் பதிவுக்கு அரசு போட்டு வைத்திருக்கும் ரேட்) 2,600. தெருமுனையில் பஸ் ரோடும் கடைகளும். கடைசியில் தாழ்வாக என் மனை. இரண்டுக்கும் ஒரே ரேட்! சார்பதிவாளர், மதிப்பைக் குறைத்துக் காட்டியதாகத் தோன்றினால் போடும் முத்திரைச் சட்டப் பிரிவு 47-ஏ போட்டு முத்திரைத் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்பிவிட்டார். முத்திரைத்தீர்வைக் குறைவு மட்டும் 67,200. பத்திரம் கைக்கு வரவில்லை.

"கட்டித் தொலைச்சிடுங்க சார்" என்றார் புரோக்கர். (அவர் கமிஷன் வாங்கியாச்சு.)

ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொல்லி அங்கிருந்து படிவம் 1 நோட்டீஸ் வந்தது. 'மதிப்பு மிக அதிகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனேன். பக்கத்து மனைப் பெரியவர் தடுத்தார்: "தம்பி, ஜாஸ்தின்னு சொன்னா எவன் கேப்பான்? ஏன் கம்மின்னு காட்டு."

வில்லங்கம் போட்டுப் பார்த்து, தெருக்கோடியில் விற்ற இரண்டு மனைகளின் பத்திர நகல் எடுத்தேன். பெரியவர் வீட்டு மதில் சுவரில் 2015 டிசம்பர் வெள்ளத்தின் கறை, என் நெஞ்சு உயரத்துக்கு, செம்மண் கோடாக அப்படியே இருந்தது. டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுத்தேன்.

"நாளைக்கு நாமளே விக்கணும்னா இந்த போட்டோதான் எமன்" என்றாள் மனைவி. பதில் இல்லை என்னிடம்.

'ஸ்தல ஆய்வு செய்யப்பட்டது' என்று உத்தரவு வந்தது, அதே 2,600. யாரும் வந்ததாகத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு மாதத்துக்குள் சாந்தோமில் பதிவுத்துறைத் தலைவரிடம் அப்பீல், அங்கேயும் அதேதான். அதன்பின் இரண்டு மாதக் கெடுவுக்குள் ஹைகோர்ட். வழிகாட்டி மதிப்பு முதல் பார்வைக்குத்தான், அதுவே முடிவல்ல என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் எடுத்துக் காட்டினார். எந்த வழக்கில் என்கிறீர்கள்? ஜெயலலிதா மேல் போட்ட நம்ம டான்சி நில வழக்கில்! உத்தரவு ரத்து, மறு விசாரணை.

இந்தத் தடவை முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தார் அதிகாரி. சுவர்க் கறைமேல் கையை வைத்து, தன் உயரத்தையும் பார்த்துக்கொண்டார். அடி 2,000 என்று முடிந்தது. 16,800 கட்டினேன். வக்கீலுக்கு 35,000. கணக்குப் பார்த்தால் மிச்சம் 15,400, மூன்று வருஷ அலைச்சலுக்கு.

2019-ல் பத்திரம் கைக்கு வந்தது. போன பொங்கலுக்கு மதிலுக்கு வெள்ளையடிக்கும் முன் பெரியவர் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, கோர்ட்டு வேலையெல்லாம் முடிஞ்சுதா? அடிச்சுடலாமா?"