நெமெசிஸ் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதப்போகிறவர்களுக்கு

எம்.ஏ. வரலாற்றில் ஆய்வுக் கட்டுரைக்கு நான் எடுத்த தலைப்பு, ஒட்டோமான் (துருக்கி) பேரரசில் 1915-இல் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலைக்குக் காரணமானவர்களைத் தேடிப்போய்ச் சுட்ட 'நெமெசிஸ்' நடவடிக்கை. அதையே எடுக்க நினைப்பவர்கள் பெர்லினில் தலாத் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்க வேண்டாம். 1919-இல் இஸ்தான்புல்லில் நடந்த ராணுவ நீதிமன்ற விசாரணையிலிருந்து தொடங்குங்கள். போர்க்கால ஒட்டோமான் அரசை நடத்திய தலாத், என்வர், ஜெமால் மூவருக்கும் ஒட்டோமான் நீதிமன்றமே மரண தண்டனை விதித்தது. ஆனால் அவர்கள் 1918 நவம்பரிலேயே ஜெர்மன் கப்பலில் தப்பிவிட்டார்கள். தீர்ப்பு ஏட்டளவில் நின்றது. ஆர்மீனியர்களின் புரட்சிக் கட்சியான தாஷ்னாக் தண்டனையைத் தன் கையில் எடுத்தது அதன்பிறகுதான்.

அப்புறம், சோகோமோன் தெலிரியனின் வழக்கு. 1921 மார்ச் 15 அன்று பெர்லினில் பட்டப்பகலில் தலாத்தைச் சுட்டவர் இவர். ஜூனில் விசாரணை இரண்டே நாளில் முடிந்தது; ஜூரிகள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கலந்து பேசி விடுதலை செய்தார்கள். சுருக்கெழுத்துப் பதிவு ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, முழுவதும் படியுங்கள். தாயும் சகோதரனும் தன் கண்ணெதிரே கொல்லப்பட்டதாக அவர் சாட்சி சொல்கிறார். உண்மையில் அப்போது அவர் ஊரிலேயே இல்லை; ரஷ்யப் பக்கம் தொண்டர் படையில் இருந்தார். நெமெசிஸை வழிநடத்திய ஷாஹான் நாதலி வகுத்த திட்டமும் நீதிமன்றத்தில் வெளிவரவில்லை.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: நீதிமன்றத்தில் சொன்னது ஒரு பக்கம், பின்னால் தெரியவந்தது மறுபக்கம். இனப்படுகொலையே நடக்கவில்லை என்று மறுப்பவர்களுக்குச் சாதகமாகிவிடும் என்று பயந்து இதை மறைக்காதீர்கள். அவர் குடும்பம் அழிக்கப்பட்டது நிஜம். அதை நேரில் கண்டதாகச் சொன்னதுதான் கற்பனை. இரண்டையும் சேர்த்து எழுதும்போதுதான் கட்டுரைக்கு வலு.

மற்ற பெயர்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒவ்வொருவரும் 1915-இல் என்ன பொறுப்பில் இருந்தார் என்று பாருங்கள். 1922-இல் பெர்லினில் கொல்லப்பட்ட பெஹாயெத்தின் ஷாகிர், படுகொலைகளை நடத்திய சிறப்பு அமைப்பின் தலைகளில் ஒருவர். உடன் கொல்லப்பட்ட ஜெமால் அஸ்மி, டிராப்சோன் ஆளுநர். அங்கே பெண்களையும் குழந்தைகளையும் படகில் ஏற்றிக் கருங்கடலில் மூழ்கடித்தார்கள். என்வரை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அவர் மத்திய ஆசியாவில் செம்படையுடன் நடந்த சண்டையில் இறந்தவர். வைவாவில் இதைக் கேட்பார்கள்.

தெலிரியன் வழக்கு, அப்போது மாணவராக இருந்த ரஃபேல் லெம்கினையும் உலுக்கியது. 1948 ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கைக்குப் பின்னால் இருந்த சட்ட அறிஞர் அவர். இந்தப் பகுதிக்கு வரலாற்று நூல்கள் மட்டும் போதாது. சட்டத் துறை நூலகத்துக்கும் முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள்.