பாண்டி பஜாரிலிருந்து விரட்டிய கார் எங்கள் வாசலில் நிற்கிறது

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தண்ணி லாரி டிரைவர் போன் பண்ணினார். "சார், வண்டி உள்ள வராது. ரெண்டு பக்கமும் கார் நிக்குது, கண்ணாடி உரசும்." கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். தெரு முனையில் இடதுபக்கம் ஒரு வெள்ளை எஸ்.யூ.வி., எதிரே ஒரு சிவப்பு கார், நடுவில் ஒரு ஆட்டோ போகிற அளவுக்கு வழி. வாட்ச்மேன் விசில் அடித்தார், பக்கத்து டெய்லர் கடையில் கேட்டார், எஸ்.யூ.வி. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. இருபது நிமிஷம் காத்திருந்துவிட்டு லாரி அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டது. மேலே டேங்க்கில் முழங்கால் அளவு தண்ணீர், எட்டு வீடு.

எஸ்.யூ.வி.க்காரர் ஒரு மணிக்கு வந்தார். கையில் இரண்டு பட்டுப்புடவைப் பை, பின்னால் குடும்பம், கல்யாண ஜவுளி எடுக்க வந்திருப்பார்கள்போல. நான் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "மெயின் ரோட்டுல விட மாட்டேங்கறாங்க சார், நாங்க எங்கதான் விடறது?" என்றார். அந்தக் கேள்விதான் மண்டையில் நின்றுவிட்டது.

நாங்கள் இருப்பது தி.நகரில், தியாகராயா சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சின்னத் தெருவில். தியாகராயா சாலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, பாண்டி பஜார் என்றால் தெரியும். அங்கே சாலையோரம் அடைத்து நின்ற வண்டிகளைக் குறைத்து நடைபாதையை அகலப்படுத்தியபோது, நான் அதை ஆதரித்தவன். இன்றைக்கும் ஆதரிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் புலம்புவதைப் பார்த்து "அப்போ பழையபடியே ரோட்டில் விடலாமே" என்று யாராவது கிளம்பிவிடுவார்கள்.

பழையபடி எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவை பனகல் பார்க் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு நடந்தால், நடைபாதையில் கடைகள், அதை ஒட்டி டூவீலர் வரிசை, அதற்கு வெளியே கார் வரிசை, அதற்கும் வெளியே பஸ் ஓடுகிற இடத்தில் நாங்கள். பைக் ஹேண்டில்களுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு, முந்தானை எதிலாவது மாட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். 2013-இல் நடைபாதைக் கடைக்காரர்களை எடுத்து அங்கேயே ஒரு அடுக்குமாடி வளாகத்துக்குள் அனுப்பினார்கள். அப்பாடா, இனி நடக்கலாம் என்று நினைத்தோம். கொஞ்ச நாளில் கடைகள் இருந்த இடத்தில் பைக்குகள் வந்து உட்கார்ந்துகொண்டன. பூக்கூடை வைத்துப் பிழைத்த பூக்காரம்மாவுக்கு அந்த மூன்றடி இடம் கிடையாது, ஆனால் பைக்குக்கு உண்டு. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் செய்தது. சாலை குறுகி, இரண்டு பக்கமும் நடக்கிற இடம் விரிந்தது, உட்காருவதற்கு இருக்கைகள் வந்தன. அம்மாவுக்கு முட்டி வலி, ஆனாலும் பாண்டி பஜார் என்றால் கிளம்பிவிடுவாள். நாலு கடைக்கு ஒருமுறை உட்கார்ந்து, சோளம் கொறித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் புடவையைப் பற்றிக் கருத்து சொல்வாள். அதற்குமுன் அந்தச் சாலையில் அவள் எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கடைக்காரர்கள் சிலர் அப்போது வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடைக்காரரும் அப்படித்தான் சொன்னார். கார் நிறுத்த இடமில்லையென்றால் எவன் வருவான் என்பார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், யாராவது இப்படிச் சொன்னால் உடனே எண்ண ஆரம்பித்துவிடுவேன். அவர் கடை வாசலில் முன்பெல்லாம் நின்ற கார்களில் ஒன்று அவருடையது, இன்னொன்று மாடியில் ஆபீஸ் வைத்திருந்தவருடையது. இரண்டும் காலை ஒன்பதரைக்கு வந்தால் ராத்திரிதான் நகரும். வாடிக்கையாளருக்கு என்று அவர் பேசிய இடத்தில் வாடிக்கையாளரின் கார் நின்று நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியும், பஸ்ஸிலும், ஆட்டோவிலும், ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேராகவும் வந்துகொண்டுதான் இருந்தார்கள், இப்போதும் வருகிறார்கள்.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று கணக்கு வைத்தால் ஏறக்குறைய 135 சதுர அடி. எங்கள் வீட்டுச் சமையலறை அதைவிடச் சின்னது. தி.நகரில் அந்த 135 சதுர அடியைக் கடையாக வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், அட்வான்ஸைக் கேட்டே திரும்பி வந்துவிடுவீர்கள். அதையே கார் நிறுத்த என்று கேட்டால் மாநகராட்சி கட்டண இடங்களில் ஏதோ ஒரு சின்னக் கட்டணம் என்றார்கள், எங்கள் தெருவில் என்றால் சும்மா.

இந்த "சும்மா"தான் விஷயம். தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்டியிருக்கிறார்கள், 222 கார், 513 டூவீலர் கொள்ளும். அந்த எஸ்.யூ.வி.க்காரரிடமும் சொன்னேன். "தெரியும் சார், அங்க விட்டுட்டு நடந்து வரணும், திரும்ப எடுக்க நேரமாகும்" என்றார். அவர் என் வாசலில் விட்டாலும் நடந்துதான் போனார், கிட்டத்தட்ட அதே தூரம். ஆனால் இங்கே டோக்கன் இல்லை, காசு இல்லை. நோ பார்க்கிங் அபராதம் 500 ரூபாய் என்பது மெயின் ரோட்டில்தான் பயம். உள் தெருவுக்கு யார் வரப்போகிறார்கள்? ஒரு சாலையில் மட்டும் கார் நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு, அதைச் சுற்றியிருக்கிற இருபது தெருவையும் அப்படியே விட்டால் கார் எங்கே போகும்? பள்ளத்தைப் பார்த்துத்தானே தண்ணீர் ஓடும்.

தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெயிண்ட் டப்பாவில் சிமென்ட் கரைத்து ஊற்றி நடுவில் கம்பி நட்டு வாசலில் வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, மூலை வீட்டில் இரண்டு பூந்தொட்டி. கேட்டுக்குக் கேட்டு "இங்கே வாகனம் நிறுத்தாதீர், மீறினால் காற்று பிடுங்கப்படும்" போர்டு. ஒருமுறை நிஜமாகவே பிடுங்கிவிட்டார்கள். விளைவு, அந்தக் கார் ராத்திரி பதினொரு மணிவரை அங்கிருந்து நகரவே இல்லை.

இப்போது சங்கடமான பகுதிக்கு வருகிறேன். எங்கள் அபார்ட்மென்டில் எட்டு வீடு, கீழே ஆறு காருக்குத்தான் இடம். இடம் இல்லாத இரண்டு வீட்டில் ஒன்று என் வீடு. என் பழைய வேகன்-ஆர் கவர் போட்டுக்கொண்டு அதே தெருவில்தான் வருஷக்கணக்காகத் தூங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுந்து கோயிலுக்குப் போய்வரும். ஜப்பானில் கார் வாங்குமுன் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும், 1962-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நான் வாங்கும்போது ஷோரூமில் என்னிடம் கேட்டது சீட் கவர் என்ன கலர் என்றுதான். அன்றைக்கு லாரி போகாததற்கு அந்தச் சிவப்பு காரும் காரணம் என்று எழுதினேன் இல்லையா, அது இரண்டாவது மாடிக்காரருடையது. என் கார் கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம்.

லாரி திரும்பிப் போன மறுநாள் அசோசியேஷன் கூட்டம் போட்டோம். தெருவின் ஒரு பக்கம் முழுக்க நோ பார்க்கிங் ஆக்கச் சொல்லி மனு கொடுக்கலாம், மறுபக்கம் கட்டணம் வைக்கட்டும் என்று நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "வெளியாளுங்களுக்குத்தானே?" என்று இரண்டாவது மாடி மாமா கேட்டார். இல்லை மாமா, எல்லோருக்கும்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மனைவியிடமிருந்து போன் வந்தது என்று எழுந்து போனார்.

ஐந்து கையெழுத்து ஆகியிருக்கிறது. மூன்று பாக்கி. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் மாத வாடகைக்கு ஒரு கார் ஷெட் இருக்கிறதாம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன், கேட்கிற வாடகை நெஞ்சை அடைக்கிறது.