மினுட்டிசிமம் என்று எழுதுவதற்கு முன்

டயட்டம் என்பது சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச்செல் நுண்பாசி. புது டயட்டம் இனம் என்றால் எல்லோரும் மலையேறிய கதையைத்தான் கேட்கிறார்கள். அதில் சொல்ல அதிகமில்லை. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் கிடக்கும் சந்திரதால் போன்ற ஏரியில், கரையோரக் கல்லில் படிந்த பழுப்பு வழவழப்பைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, புட்டியில் பிடித்து, எத்தனால் ஊற்றி மூட வேண்டும். கை விறைத்துப்போகும், அவ்வளவுதான்.

அப்புறம் எல்லாம் ஆய்வகத்தில். மாதிரியை ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கினால் உயிர்ப்பொருள் சிதைந்து சிலிக்கா ஓடுகள் மிஞ்சும். சோப்பு டப்பாவும் மூடியும் போல இரண்டு பாதிகள். அவற்றை நாஃப்ராக்ஸ் பிசினில் பதித்து, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம்.

அங்கேதான் சிக்கல். அக்னாந்திடியம் என்ற டயட்டம் பேரினத்தில் சின்னதாக ஒன்று கண்ணில் பட்டால் கை தானாக 'மினுட்டிசிமம்' என்று எழுதப் போகும். குட்ஸிங் 1833-இல் ஜெர்மனி மாதிரியிலிருந்து விவரித்த இனம் அது. எங்கள் மேசையிலிருக்கும் தடித்த நூல்களும் மத்திய ஐரோப்பாவுக்காக எழுதப்பட்டவை. இமயமலை உயிரியை அந்தப் பெயர்களுக்குள் திணிப்பது நம் பட்டியல்களில் பழைய வழக்கம். வேறு நூல் கிடைக்காத காலத்தில் பட்டியல் போட்டவர்களும் என்ன செய்வார்கள், சரி. ஆனால் ஏரி நீரின் தரத்தையே அந்தப் பட்டியலை வைத்துக் கணிக்கிறோமே!

அதற்காக, வித்தியாசமாகத் தெரிவதெல்லாம் புது இனமும் ஆகிவிடாது. செல் பிரியும்போது ஒவ்வொரு சேயும் தாயின் ஓட்டில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி மறு பாதியைக் கட்டிக்கொள்கிறது. இப்படித் தலைமுறை போகப்போகச் சராசரி அளவு குறையும். பாலினப் பெருக்கம் நடந்தால்தான் பழைய அளவு திரும்பும். நீண்ட செல்லும் குட்டைச் செல்லும் ஒரே இனமாகவே இருக்கலாம். ஆகவே பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாகப் படமெடுத்து, ஓட்டில் 10 மைக்ரோமீட்டருக்குள் எத்தனை கோடு என்று எண்ணுகிறோம். ராஃபே என்ற பிளவு அக்னாந்திடியத்தில் ஒரு பாதியில்தான் உண்டு. இரு பாதியையும் காட்டினால்தான் வழக்கு நிற்கும். அந்த ராஃபேயின் நுனி நேராக முடிகிறதா, ஒரு பக்கம் வளைகிறதா என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நுண்ணோக்கிக்கு வரிசையில் நிற்பதிலேயே பாதி போய்விடும்.

2012-இலிருந்து புது இனத்தின் விவரிப்பை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்றில்லை, ஆங்கிலம் போதும். எனக்குப் பெரிய நிம்மதி. பெயர் மட்டும் இன்னும் லத்தீன் இலக்கணப்படிதான். விகுதி சரியா என்று யாரையாவது கேட்டுக்கொள்வேன். பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி, அதாவது ஹோலோடைப் ஸ்லைடு, ஹெர்பேரியம் என்ற மாதிரிக் காப்பகத்துக்குப் போய்விடும். அதே ஏரி மாதிரியில் கோம்ஃபோனீமா என்ற வேறொரு டயட்டம் பேரினத்தைச் சேர்ந்த ஒன்றும் சந்தேகத்தில் நிற்கிறது. அதன் குட்டைச் செல்கள் போதுமான அளவு கிடைக்கும்வரை அதைப் பற்றி எழுதுவதாக இல்லை.