லாகர் தன்னைப் பற்றியும் எழுதட்டும்

டேட்டா லாகர், அதாவது அளவுகளைத் தானாகவே எடுத்து ஃபைலில் எழுதிவைக்கும் கருவி, செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த போர்டு (நிரல் எழுதி ஓட்டும் குட்டிக் கணினிப் பலகை) வாங்கலாம்?" என்பதைத்தான். ஆர்டுயினோவா, ஈஎஸ்பி32-ஆ, பிக்கோவா? கையில் எது இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மண்ணின் வெப்பநிலையை எழுதிவைக்க, ஆர்டுயினோ ஊனோவின் 2 கிலோபைட் ரேம் தாராளம். அதற்குப் பிறகு நான் ஒன்று கேட்பேன்: மூன்று மாதம் கழித்து ஃபைலைத் திறக்கும்போது, அதில் இருக்கும் ஒரு எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

டிஎஸ்18பி20 என்னும் வெப்பநிலை சென்சாரையே எடுத்துக்கொள்வோம். நாங்கள் எல்லோரும் அதைத்தான் மண்ணுக்குள் புதைக்கிறோம். மின்சாரம் வந்தவுடன் அதன் நினைவகத்தில் இருக்கும் மதிப்பு 85 டிகிரி. 12 பிட் துல்லியத்தில் ஒரு அளவை எடுத்து முடிக்க அதற்கு 750 மில்லிவிநாடி வரை ஆகும். அதற்குள் அவசரப்பட்டுப் படித்தாலோ, நடுவில் மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனாலோ அந்த 85 அப்படியே ஃபைலில் வந்து உட்கார்ந்துவிடும். வயர் அறுந்திருந்தால் அதைப் படிக்கப் பரவலாகப் பயன்படும் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) -127 தரும். -127 யார் கண்ணிலும் படும். 85 அப்படியல்ல, சராசரிக்குள் கரைந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 144 அளவுகள். மண் 25 டிகிரியில் இருக்கும்போது ஒரே ஒரு 85 நுழைந்தாலும் அன்றைய சராசரி 0.4 டிகிரி ஏறிவிடும். நிழலில் உள்ள மண்ணுக்கும் வெயிலில் உள்ள மண்ணுக்கும் நடுவே நீங்கள் தேடும் வித்தியாசமே அந்த அளவுக்குத்தான் இருக்கலாம்.

அதற்காக 85 வந்தால் எழுதாதே என்று லாகருக்குள்ளேயே கட்டளை போடுவதை நான் ஏற்கமாட்டேன். லாகர் பார்த்ததை அப்படியே எழுதட்டும். வடிகட்டும் வேலையைப் பிற்பாடு கணினியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த 85 வரிசையாக எந்த நேரத்தில் வருகிறது என்பதிலிருந்து பேட்டரியின் கதையே தெரிந்துவிடும்.

பேட்டரி என்றதும் வேலையில்லாத நேரத்தில் போர்டைத் தூங்கவைப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊனோவை விழித்தபடியே விட்டால் ஏறக்குறைய 45 மில்லிஆம்பியர் இழுக்கும். 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாள்கூடத் தாங்காது. வோல்ட்டேஜ் ரெகுலேட்டரும் பவர் எல்ஈடியும் நீக்கிய ஒரு ப்ரோ மினியை (ஆர்டுயினோவின் சிறிய போர்டு), அளக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் தூங்கவைத்து, சராசரியை 0.25 மில்லிஆம்பியருக்குக் கொண்டுவந்தால் அதே பேட்டரி கணக்குப்படி 8000 மணி நேரம் வரும், அதாவது பதினொரு மாதம். நடைமுறையில் குறையும், ஏனென்றால் எஸ்டி கார்டு எழுதும்போது சட்டென்று பல பத்து மில்லிஆம்பியர் கேட்கும். பழைய பேட்டரியில் வோல்ட்டேஜ் சரிவது சரியாக அந்த நேரத்தில்தான். ஃபைல் கெட்டுப்போவதும் அப்போதுதான்.

சரி, தூங்கும் போர்டை யார் எழுப்புவது? டிஎஸ்3231 கடிகாரச் சிப்பின் அலாரம். ஊனோவின் சொந்த நேரக் கணக்கை நம்பி மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது. அதில் நேரத்துக்குத் துடிப்பு தருவது, அவ்வளவு துல்லியமில்லாத செராமிக் ரெசனேட்டர். அரை சதவீதம் பிசகினாலும் ஒரு நாளைக்கு ஏழு நிமிடம் போய்விடும். டிஎஸ்3231 வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை அதன் பிழை பத்து லட்சத்துக்கு 2, வருடத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மலிவான மாட்யூல்கள் சிலவற்றில் பட்டன் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் இருக்கும். சிஆர்2032 சார்ஜ் ஏற்றக்கூடிய செல் இல்லை. அந்த வழியில் இருக்கும் ரெசிஸ்டரை எடுத்துவிட்டுத்தான் நான் செல்லைப் போடுவேன். கடிகாரத்தில் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தையே வைப்பேன். கோடைக்கால நேரம், குளிர்கால நேரம் என்று மாற்றும் ஊரில் லாகர் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் இரண்டு தடவை வரும், அந்தத் தலைவலி யாருக்கு வேண்டும்!

இதெல்லாம் சேர்ந்துதான் என் ஃபைலில் வெப்பநிலையைவிட மற்ற பத்திகள் (அட்டவணையின் நெடுவரிசைகள்) அதிகம். பேட்டரி வோல்ட்டேஜ் ஒரு பத்தி. இந்த போர்டுகளின் மூளையான ஏடிமெகா சிப் தன் உள்ளிருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை (ஒப்பிடுவதற்கான நிலையான வோல்ட்டேஜ்) வைத்துத் தன் சப்ளையைத் தானே அளந்துகொள்ளும், கூடுதலாக எந்தப் பாகமும் வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் வெப்பம் ஒரு பத்தி. கடிகாரச் சிப்பே அதைத் தருகிறது, பிளஸ் மைனஸ் 3 டிகிரி பிழையோடு. பெட்டி வெயிலில் வேகிறதா என்று பார்க்க அது போதும். கடைசியாக ரீசெட் ஆனது எதனால் என்பது இன்னொரு பத்தி: மின்சாரம் போய் வந்ததா, வோல்ட்டேஜ் சரிந்ததா, நிரல் உறைந்துபோனால் மறுபடி தொடங்கவைக்கும் வாட்ச்டாக் எழுப்பியதா? சில பூட்லோடர்கள் (போர்டு எழுந்ததும் முதலில் ஓடும் சிறு நிரல்கள்) இந்தத் தகவலை உங்கள் நிரல் தொடங்குவதற்கு முன்பே அழித்துவிடும், சோதித்துப் பாருங்கள்.

கேலிப்ரேஷன், அதாவது தெரிந்த ஒரு அளவோடு சென்சாரை ஒப்பிட்டுப் பார்ப்பது, இல்லாமல் இவ்வளவும் வீண். டிஎஸ்18பி20-இன் பிழை பிளஸ் மைனஸ் அரை டிகிரி, ஆகவே இரண்டு நல்ல சென்சார்கள்கூடத் தங்களுக்குள் ஒரு டிகிரி வரை மாறுபடலாம். சந்தையில் நகல் சிப்புகள் வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, காய்ச்சி வடித்த நீரில் நொறுக்கிய பனிக்கட்டி போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் 0 டிகிரி கிடைத்துவிடும். ஒவ்வொன்றும் அங்கே என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். களத்துக்கு அனுப்பும் முன் ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சென்சார் காட்டும் அளவு நடுவில் நகர்ந்துவிட்டதா என்பது அதில்தான் தெரியும்.

வெறும் வெப்பநிலைதான் வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் ரெடிமேட் லாகரை வாங்கிவிடுவதே நல்லது. தானே செய்வதில் லாபம் எங்கே என்றால், மழைமானியின் வாளி கவிழ்ந்தவுடன் மண் ஈரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கத் தொடங்கு, மழை நின்றதும் பழையபடி தூங்கு என்பது போன்ற, உங்கள் கேள்விக்கென்றே அமைந்த வேலைகளில்.

அப்படிச் செய்தால், ஒவ்வொரு ஃபைலின் முதல் வரியிலும் நிரலின் பதிப்பு எண்ணையும் சென்சாரின் 64 பிட் அடையாள எண்ணையும் எழுதவையுங்கள். களத்தில் யாராவது இரண்டு ப்ரோபை (வயரின் முனையில் உள்ள சென்சாரை) இடம் மாற்றிச் செருகினால் வேறு வழியில் கண்டுபிடிக்க முடியாது.