அம்மாவைப் பார்க்க ஓர் இ-பாஸ்

2020 ஜூலை 3, வெள்ளிக்கிழமை காலை. கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தைதான் ஆட்டோ பிடித்துக் கும்பகோணத்துக்கு அழைத்துப் போய், மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டி வந்தார். எனக்குத் தகவல் வந்தபோது அம்மா வீடு திரும்பி, ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “இடது கையால் சாப்பிட அருவருப்பாக இருக்கிறதடா” என்பதுதான் போனில் அவள் முதலில் சொன்னது. கை முறிந்த செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் அம்பத்தூரில் இருந்தேன். மற்ற நாளாக இருந்தால் இரவு பஸ் ஏறி விடியற்காலையில் ஊரில் இறங்கியிருப்பேன். அப்போது பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. கொரோனாவுக்காக ஜூன் 19-ஆம் தேதி போட்ட முழு ஊரடங்கு சென்னையில் ஜூலை 5 வரை நீண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் போக வேண்டுமானால், இணையத்தில் விண்ணப்பித்து அரசிடம் வாங்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் வேண்டும். திருமணம், மரணம், மருத்துவம் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே அது கிடைக்கும்.

போவதா வேண்டாமா என்பதிலேயே அன்றைய பகல் முழுவதும் போனது. அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை வேறு. “கை ஆறு வாரத்தில் கூடிவிடும். நீங்கள் எதையாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால்?” என்றாள் என் மனைவி. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதால் கோபம் வந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனால் அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் தொற்றும் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான்கு மாதமாக நான் பயந்ததெல்லாம் எனக்கு வந்துவிடுமோ என்றுதான். அன்று இரவுதான், ஏற்கெனவே என்னிடம் இருக்குமோ என்று முதன்முதலாகப் பயந்தேன்.

அம்மாவின் பயம் வேறு தினுசு. மார்ச் மாதத்தில் போன் செய்தால் மணி ஒலிப்பதற்கு முன் கொரோனா விழிப்புணர்வு அறிவிப்பில் ஒருவர் இருமுவாரே, அதை என் இருமல் என்றே ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தாள். மிளகும் சுக்கும் சேர்த்துக் கஷாயம் போடச் சொல்லித் தினமும் தொல்லை. பால்காரர் திருப்பித் தரும் சில்லறையை மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுப்பாள். ரூபாய் நோட்டுகளை முறத்தில் பரப்பி, மேலே கூழாங்கல் வைத்து வெயிலில் காய வைப்பாள்.

வெள்ளி இரவே விண்ணப்பித்தேன். ஆதார், வாகன எண், ஓட்டுநர் பெயர், போகும் முகவரி எல்லாம் கேட்டது. மாவுக்கட்டுப் போட்ட கையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதையே ஆவணமாக இணைத்தேன். என்ன புத்தியோ! மறுநாள் நிராகரிப்பு. மருந்துச் சீட்டை வைத்து மறுபடி விண்ணப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை, தளர்வில்லாத ஊரடங்கு, தெருவில் நாய்கூட இல்லை. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திங்கள்கிழமை மறுபடி நிராகரிப்பு. காரணமாக ஒரே ஒரு வரி: போதிய ஆவணம் இல்லை. எது போதும் என்று சொல்ல இரண்டாவது வரி கிடையாது.

நண்பர் ஒருவர் ஒரு தரகரின் எண்ணைக் கொடுத்தார். 2,000 ரூபாய், இரண்டு மணி நேரத்தில் பாஸ் என்றார் அந்த ஆள். ஆசையாகத்தான் இருந்தது. வழியில் போலீஸ் அதை ஸ்கேன் செய்து போலி என்று கண்டால் பாதியில் நிற்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன். நேர்மையெல்லாம் இல்லை, பயம்தான்.

வழி காட்டியவர் அத்தை. கட்டுப் போட்ட மருத்துவரிடமே மறுபடி போய், ‘நோயாளி தனியாக வசிக்கிறார், உடனிருந்து கவனிக்க ஆள் தேவை’ என்று முத்திரையுடன் கடிதம் வாங்கி, பேரனை விட்டு அனுப்பி வைத்தார். செவ்வாய் மாலை குறுஞ்செய்தி வந்தது. பாஸ் கிடைத்துவிட்டது. விண்ணப்பிக்கிறவர்களுக்கு இன்று இது பயன்படாது. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: என்ன நோய் என்பதை விட, நீங்கள் ஏன் போக வேண்டும் என்பதைக் காட்டும் தாள்தான் அங்கே எடுபட்டது. ஆகஸ்ட் 17-க்குப் பிறகு ஆதார் எண்ணும் செல்பேசி எண்ணும் இருந்தால் உடனே பாஸ் என்று மாற்றினார்கள். நான் சென்னை திரும்ப விண்ணப்பித்தபோது, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வந்துவிட்டது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பாஸே வேண்டாம் என்றாகிவிட்டது.

புதன்கிழமை அதிகாலை வாடகைக் காரில் கிளம்பினேன். ஏசி போடக் கூடாது என்று ஓட்டுநர் முதலிலேயே சொல்லிவிட்டார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இருவரும் முகக்கவசத்துடன், காற்றின் இரைச்சலில் ஒன்றும் பேசாமல் போனோம். பரனூர் சுங்கச்சாவடியில் முதல் சோதனை. பாஸைப் பார்த்துவிட்டு நெற்றிக்கு நேராக வெப்பமானியை நீட்டினார்கள். அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே ஈரத்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. வெயிலில் சூடேறிய தலையைக் கருவி தப்பாகப் படித்துவிட்டால்? 97.4 காட்டியது.

விக்கிரவாண்டி, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு. வழியில் எங்கும் இறங்கவில்லை. புளிசாதத்தைக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். கொள்ளிடத்தின் மேல் அணைக்கரைப் பாலம் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். அங்கே சாமியானா போட்டு மேசை வைத்திருந்தார்கள். “சென்னையா?” என்று கேட்டவர் தம் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டுச் சளி மாதிரி எடுத்தார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது. முடிவு எப்படி வந்தாலும் 14 நாள் வீட்டுத் தனிமை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். ஓட்டுநர் எங்கள் தெருவுக்குள் வர மறுத்து, குளக்கரையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பினார். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போனார்கள். தப்பு சொல்ல முடியாது. அந்த மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வழியாகத் தொற்று பல மாவட்டங்களுக்குப் போயிருந்தது. சென்னை என்றாலே ஊருக்குள் நோய் வருவதாகத்தான் அர்த்தம்.

நான் கணக்குப் போடாத ஒன்று அன்று மாலை நடந்தது. ஊராட்சியிலிருந்து வந்து வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இரண்டு சவுக்குக் கழிகளைக் குறுக்கே கட்டி, பிளீச்சிங் பவுடரைக் கோடாகத் தூவினார்கள். நான் மட்டும் இல்லை, வீடே தனிமை. அதாவது அம்மாவும். நான் வருவதற்கு முன்பு ஐந்து நாள், அத்தை காலையில் வந்து அடுப்பு பற்றவைத்து, துணி துவைத்து, தலை வாரிவிட்டு, மாலையில் வந்து விளக்கேற்றிவிட்டுப் போயிருக்கிறார். கவனிக்க ஆள் தேவை என்று கடிதம் வாங்கித் தந்த அத்தையால், கவனிக்க ஆள் வந்த நிமிடத்திலிருந்து உள்ளே வர முடியவில்லை. மூன்று முறை விண்ணப்பித்து, ஒன்பதாயிரம் ரூபாய் வாடகை கொடுத்து வந்து, அம்மாவிடம் இருந்த துணையை நானே பறித்திருந்தேன்.

முடிவு வரும்வரை நான் திண்ணை அறையில், அம்மா கூடத்தில். சமையலறைக்குள் நான் போனால் அவள் கொல்லைக்குப் போய்விட வேண்டும் என்று ஏற்பாடு. “ஏனடா, அங்கிருந்து கத்துகிறாய்? எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது” என்பாள். நான் வைத்த ரசத்துக்குப் புளி கரைக்கும் பதத்தை அத்தை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொடுத்தார். பால்காரர் திண்ணையில் வைத்த பாத்திரத்தில் கையை உயர்த்தி ஊற்றிவிட்டு, காசை 15 நாள் கழித்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மஞ்சள் தண்ணீர் வைத்தியத்தை அவரும் கற்றிருக்கலாம்.

தலை வாருவதுதான் பெரும்பாடு. இடுப்பு வரை நரைத்த முடி. ஒரு கையால் சீப்புப் போட முடியும், பின்னல் போட முடியாது. இரண்டு நாள் விரித்த தலையோடு இருந்தாள். அமங்கலம் என்று அவளுக்கே தன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் தொற்று இல்லை என்று குறுஞ்செய்தி வந்தது. ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருக்கும் என்றார்கள். இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையைச் சோப்பால் கழுவி, முதன்முறையாக அம்மாவின் பின்னால் உட்கார்ந்தேன். தேங்காய் எண்ணெயும் ஈர மாவுக்கட்டும் கலந்த வாசனை முகக்கவசத்தைத் தாண்டி வந்தது. மூன்று கால் பிரிக்கவே கை வரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கி, மாத்திரை அட்டையைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டைப் போட்டுக் கட்டினேன். அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். “வைக்கோல் பிரி மாதிரி இருக்கிறது” என்றாள். ஆனாலும் மறுநாள் அவளே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஜூலை 22 காலையில் கழிகளை அவிழ்த்தார்கள். பிளீச்சிங் பவுடர் கோட்டை மழை முன்பே கரைத்திருந்தது. அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அத்தை உள்ளே வந்துவிட்டார். கைகால் கழுவிக்கொண்டு நேராக அம்மாவின் பின்னால் போய் உட்கார்ந்து, என் முடிச்சில் கையை வைத்தார். ரப்பர் பேண்டு முடியோடு பின்னிக்கொண்டு வர மறுத்தது. அம்மா வலியில் “ஸ்” என்றாள்.

“தம்பி, கத்தரிக்கோல் எடுத்து வா” என்றார் அத்தை.