ஸ்ப்ரூஸ் பலகையும் ஒரு பங்கசும்

ஒக்டோபர் 24

நிலாவெளியில் விடுதி கட்டுகிற அண்ணர், இயந்திரங்கள் வந்த பெட்டிகளைப் பிரித்துப் பலகைகளை ஏற்றி அனுப்பியிருக்கிறார். முற்றத்தில் போட வாங்குகள் வேண்டுமாம். வெளிறிய மரம், நேரான நார், சீவினால் லேசான பிசின் மணம். ஸ்ப்ரூஸ்தான். பைன் என்றால் வைரம் செம்மை தட்டியிருக்கும்.

கறையானுக்கு மருந்தாக வெண்காரக் கரைசலில் ஊறிக்கிடந்த துண்டொன்றைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தில் மஞ்சள் கரைத்துப் பூசினேன். வெண்காரம் பட்ட இடத்தில் மஞ்சள் குங்குமச் சிவப்பாகும். ஓரத்தைச் சுற்றி நூல் கனத்துக்குத்தான் சிவந்தது. நடு முழுக்க வெறும் மஞ்சள். கறையானுக்கு அந்த நடு போதும்.

ஒக்டோபர் 27

மழை. பட்டறையில் வேலை இல்லை, வாசிப்புத்தான்.

ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரத்தில் தண்ணீர் ஓடுவது குழற்போலிகள் என்ற நீண்ட குழாய் போன்ற கலங்களின் வழியே. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக பக்கச் சுவரில் குழிகள் உண்டு. குழிக்குள் மெல்லிய சவ்வு, சவ்வின் நடுவில் தடித்த ஒரு வட்டு. மரம் காயும்போது அந்த வட்டு ஒருபக்கமாக இழுபட்டு வாயை அடைத்துக்கொள்கிறது. காய்ந்த ஸ்ப்ரூஸுக்குள் மருந்து இறங்காததன் காரணம் இதுதான்.

அந்தச் சவ்வைத் தின்னும் பங்கசு ஒன்று இருக்கிறது: பிசிஸ்போரினஸ் விட்ரியஸ். வெண்ணிற உக்கலை உண்டாக்கும் இனம். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் பிரான்சிஸ் ஷ்வார்ட்ஸெ குழுவினர் இதை ஸ்ப்ரூஸில் வளர்த்துப் பார்த்தார்கள். முதற் சில வாரங்களில் அது குழிச் சவ்வுகளைத்தான் பிரதானமாக அரிக்கிறது. கலச்சுவருக்குப் பெரிய சேதம் வருமுன் நிறுத்திவிட்டால் மரத்தின் பலம் அதிகம் குறையாது, மருந்தும் உள்ளே போகும். விட்டுவைத்தால் அது உக்கல்தான். எதை முதலில் தின்கிறது, எப்போது நிறுத்துகிறோம் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. இதை வாசித்த பிறகு என்னால் 'உக்கல்' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் தள்ளிவிட முடியவில்லை.

ஒக்டோபர் 28

பெரியப்பாவிடம் சொன்னேன். "உக்கலைக் காசு குடுத்து வளர்க்கிறாங்களோ?" என்று கேட்டார். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது கபில உக்கலை. பின்கதவு நிலையின் அடியைக் காட்டினார். மண்நிறமாகி, சிறு சிறு கட்டிகளாக வெடித்திருந்தது. விரலால் நசித்ததும் மாவாகிவிட்டது. அது செலுலோசைத் தின்னும் வகை. நிறை அதிகம் குறையுமுன்பே பலம் போய்விடும். தச்சன் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

அப்புறம் அவரே, தம்பலகாமத்துக் குளத்தில் மாதக்கணக்காகக் குற்றிகளை அமிழ்த்தி வைத்த காலத்தைப் பற்றிச் சொன்னார். ஊசியிலை மரக் குற்றிகளைத் தண்ணீரில் போட்டால் பற்றீரியாக்கள் வெளிமரத்தின் குழிச் சவ்வுகளை அரித்துவிடும் என்பதும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அது ஈரம் காயாத குற்றிக்கு. பெட்டிப் பலகையில் எவ்வளவு பலிக்குமோ! இருந்தாலும் மிச்சத் துண்டுகளைத் தொட்டியில் போட்டுவைத்தேன்.

நவம்பர் 2

வயலின் பழகும் மருமகள் வந்தாள். வயலினின் மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்றதும் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. அந்தப் பங்கசு மரத்தில் செய்த வயலின் பற்றிச் சொன்னேன். 2009-இல் ஜெர்மனியின் ஒஸ்னாப்ரூக்கில் திரைக்குப் பின்னாலிருந்து சில வயலின்களை வாசித்தார்கள். இத்தாலியின் புகழ்பெற்ற வயலின் தச்சர் ஸ்ட்ராடிவாரி 1711-இல் செய்தது ஒன்று. மிக்கேல் ரோன்ஹைமர் செய்த புதிய வயலின்கள் சில. புதியவற்றில் ஒன்றின் மரம் 9 மாதம் பங்கசில் கிடந்தது. மேற்பலகைக்கு அதே பிசிஸ்போரினஸ், அடிப்பலகைக்கு சைலேரியா லொங்கிப்ஸ் என்ற இன்னொரு பங்கசு. கேட்டிருந்த 180-க்கும் மேற்பட்டோரில் 90 பேர் ஒலி நன்றாக இருக்கிறதென்று அதற்கே வாக்களித்தார்கள்.

மரத்தின் அடர்த்தி குறைகிறது, விறைப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பதே காரணம். ஒரு மண்டபத்தில் ஒரு மாலை நடந்த வாக்கெடுப்பை வைத்து ஸ்ட்ராடிவாரியை வென்றுவிட்டது என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மரம் கெடாமல் மாறியது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

நவம்பர் 5

இதை இங்கே செய்யலாமா என்று மருமகள் கேட்டாள். என் பட்டறையில் முடியாது. பலகையைக் கிருமி நீக்கி, அந்தப் பங்கசை மட்டும் வளர்த்து, பலகை முழுக்க ஒரே சீராகப் பரவச் செய்ய வேண்டும். ஆய்வகத்திலேயே அது கடினம். இந்த மாரியில் காற்றில் வரும் பூஞ்சணங்கள் முந்திக்கொள்ளும். பல்கலைக்கழகத்தில் யாராவது நம் மலைநாட்டுப் பைன் மரங்களில் தொடங்கினால், பலகை நான் கொடுப்பேன்.

விடுதி அண்ணருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்: ஸ்ப்ரூஸ் வாங்குகள் முற்றத்துக்கு இல்லை, கூரைக்குக் கீழே விறாந்தைக்கு. மண்ணைத் தொடும் கால்கள் மட்டும் முதிரை. செலவு கூடும் என்றார். இருக்கைக்கு மரம் சும்மா வந்ததுதானே என்றேன். சம்மதித்தார்; நாளைக்கு மரக்காலைக்குப் போய் முதிரை பார்க்க வேண்டும்.